திறந்த கதவு, இருண்ட வாசல்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில் முதல்முறை வருகிற வெளியூர்க்காரர், ‘திருப்பாலைவனம்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கொஞ்சம் திகைப்பார். சுற்றிலும் வயல். இன்னும் சற்றுத் தூரம் போனால் உப்பங்கழி. பாலைவனம் எங்கே? ஊர்க்காரர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: இது மணல் பாலைவனம் இல்லை, பாலை மரங்கள் அடர்ந்திருந்த வனம். பலகையில் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. ஆனாலும் புதிதாகப் படிப்பவரை அது வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. விளக்கம் பலகையில் இல்லாமல் ஊர்க்காரர் தலைக்குள் இருக்கிறது.

கணினி உலகத்தில் இப்படிப்பட்ட பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை.

திறந்த மூல மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் பொது. எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். லினக்ஸ், பைத்தான், ஃபயர்பாக்ஸ், விஎல்சி எல்லாம் இந்தக் குடும்பம். ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் ஓடுவதும் லினக்ஸின் கருநிரல்தான். பூட்டு இல்லை. உள்ளே போக வழி மட்டும் தெரிய வேண்டும்.

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றிலிருந்து பொன்னேரிக்குக் கல்லூரி போய்வரும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மென்பொருளை இறக்கிவைத்திருக்கிறாள். கூடவே ‘ரீட்மீ’ என்றொரு கோப்பு வருகிறது. ‘என்னைப் படி’ என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். படிக்கிறாள். ‘தேவையானவற்றை நிறுவிக்கொண்டு, வழக்கம்போல் இயக்கவும்.’ எவை தேவையானவை? யாருடைய வழக்கம்? எழுதியவர் பத்து வருடமாக அந்தப் பாதையில் போய்வருபவர். ஆரம்பத்தில் காலில் குத்திய முள்ளெல்லாம் அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது. மாணவி இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று மடிக்கணினியை மூடிவைக்கிறாள். ஆவணத்தின் குறை அவளுடைய குறையாகக் கணக்கில் ஏறுகிறது.

இது ஒருத்தியின் கற்பனைக் கதையோடு முடிகிற விஷயம் இல்லை. 2017இல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் திறந்த மூல உலகத்தினரிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. ஆவணங்கள் அரைகுறையாகவோ காலாவதியாகவோ கிடப்பதைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 93 சதவீதம். அதே கணிப்பில், பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர் ஆவணம் எழுதுவது அபூர்வம், அல்லது எழுதியதே இல்லை என்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் பசி, அடுப்படிக்குள் போகத்தான் ஆளில்லை. ஆங்கிலத்தில் எழுதப் படிப்பதில் தாங்கள் ‘மிக நன்று’ என்ற நிலையில் இல்லை என்றவர்கள் ஏறக்குறைய கால்வாசி. இந்தக் கடைசிக் கணக்கைப் பெரிதாக யாரும் பேசவில்லை. தமிழ் வாசகருக்கு அதுதான் முக்கியமானது.

படகில் ஏறிக் கற்பது

பழவேற்காட்டு மீனவர் யாரிடமும் கையேடு கிடையாது. பழவேற்காடு ஏரியும் வங்காள விரிகுடாவும் கலக்கும் முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். சில காலம் வாய் தூர்ந்து படகு கடலுக்குப் போக முடியாத நிலை வரும். போன வருடம் போன வழியில் இந்த வருடம் போனால் தரைதட்டும். ஏரிக்குள் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள ‘பாடு’ என்றொரு ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் ‘பாடு’ ஏற்பாட்டை மீன்வள ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். எந்தக் குழுவுக்கு எந்த இடம், எந்த நாள் என்பதை முறையும் சீட்டும் தீர்மானிக்கின்றன. அந்த ஊர்ப் பையன் இதையெல்லாம் புத்தகம் பார்த்துக் கற்பதில்லை. அப்பாவோடும் சித்தப்பாவோடும் படகில் ஏறுகிறான். தப்பாகத் துடுப்பு போட்டால் அங்கேயே ஒரு அதட்டல் விழுகிறது. நாலைந்து வருடத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லக் கற்றுக்கொள்கிறான்.

எழுத்து இல்லாமலே அங்கே அறிவு கைமாறுகிறது. ஏனென்றால் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே படகில் முட்டிக்கு முட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். திறந்த மூல உலகத்தில் அந்தப் படகு இல்லை. நிரலை எழுதியவர் ஏதோ ஒரு நாட்டில், பயன்படுத்துபவர் பழவேற்காட்டில். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கப்போவதே இல்லை. அதட்டல், கைகாட்டல், ‘பார்த்து வா’ என்ற எச்சரிக்கை எல்லாவற்றையும் எழுத்துதான் சுமந்தாக வேண்டும். இந்தச் சுமையைப் பெரும்பாலான ரீட்மீக்கள் ஏற்பதே இல்லை.

எதை எழுதுவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஆவணம் என்பது ஒரே பொருள் இல்லை, நான்கு என்கிறார் டானியேலே புரோசிடா. அவர் முன்வைத்த ‘டயாடாக்சிஸ்’ என்ற வகைப்பாடு இன்று பல திட்டங்களில் பின்பற்றப்படுகிறது. பழவேற்காட்டு மொழியில் சொன்னால் இப்படி வரும். முதன்முதலாகப் படகில் ஏறுகிறவனைக் கைபிடித்து அழைத்துப் போய்ப் பத்திரமாகக் கரைசேர்ப்பது ஒன்று; அது பயிற்சிப் பாடம். கிழிந்த வலையை எப்படி முடைவது என்று, வேலை தெரிந்தவனுக்குச் சொல்வது செய்முறை. ஓதம் ஏறி இறங்கும் நேரங்களின் அட்டவணை, தேடிப் பார்ப்பதற்கான குறிப்பு. முகத்துவாரம் ஏன் தூர்கிறது என்பது விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் பிசைந்து வைத்தால் யாருக்கும் உபயோகப்படாது. முதல் நாள் பையனுக்கு ஓத அட்டவணையைக் கொடுத்துவிட்டு ‘எல்லாம் இதில் இருக்கிறது’ என்று கரையில் நிற்கும் ஆவணங்களே இணையத்தில் அதிகம்.

கணினிக் கையேடுகளில் ஆரம்பத்தில் இருந்த ஒரு நேர்மையும் இடையில் எங்கோ தொலைந்துபோனது. 1971 நவம்பர் 3 தேதியிட்ட, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான கையேட்டின் முதல் பதிப்பில், ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்துக்கும் கீழே ‘பிழைகள்’ என்றொரு தலைப்பு உண்டு. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தாங்கள் எழுதிய நிரலில் என்ன கோளாறு இருக்கிறது என்பதைத் தாங்களே அச்சில் போட்டார்கள். அதற்கும் கீழே அந்தக் கட்டளைக்கு யார் பொறுப்பு என்ற விவரம். குறையையும் சொல்லி, கேட்க வேண்டிய ஆளையும் காட்டிய கையேடு அது. இன்று பல திட்டங்களின் முகப்பில் ‘மின்னல் வேகம்’, ‘மிக எளிது’ என்ற விளம்பர வாசகங்களைத்தான் பார்க்கிறோம். கூகுள் தன் ஆவண எழுத்தாளர்களுக்காக வைத்திருக்கும் நடைக் கையேடு, ‘எளிது’ போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. நியாயம்தான். ‘சும்மா இதை ஓட்டினால் போதும்’ என்று எழுதியிருக்கும் வரியில் சிக்கிக்கொண்டவனுக்கு, அந்தச் ‘சும்மா’ ஒரு குத்தல்.

ஒலிபெருக்கியில் வந்த ஆவணம்

தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே படகில் இல்லாத சிக்கலைத் தமிழ்க் கடற்கரையில் அழகாகத் தீர்த்த ஒரு முயற்சி 1998இல் நடந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்திலும் ஒன்று. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத மீனவர் காதில் அது விழுந்தது. மூலத் தகவல் ஏற்கெனவே உலகத்துக்குத் திறந்தே இருந்தது. அதைக் குப்பத்து மணலுக்குக் கொண்டுவந்த வேலை, மொழிமாற்றமும் ஒலிபெருக்கியும்.

ஐதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இன்காய்ஸ், அதாவது பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான இந்திய தேசிய மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்துத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடுகிறது. அந்த அறிவிப்பின் அமைப்பைக் கவனித்தால் நல்ல ஆவணம் என்றால் என்ன என்பது புரியும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கின்றன. அவற்றோடு, மீன் இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் என்பதும் இருக்கிறது. விஞ்ஞானி நிற்கும் இடத்திலிருந்து தொடங்காமல், மீனவர் நிற்கும் இடத்திலிருந்து தூரத்தை அளந்து சொல்கிறார்கள். அந்த மையம் பயன்படுத்தும் கடல் மாதிரிகளில் ‘ரோம்ஸ்’ போன்றவை திறந்த மூல மென்பொருள்கள் என்பது இங்கே ஒரு உபதகவல். அந்த மாதிரிகளுக்கும் யாரோ ஆவணம் எழுதியிருப்பதால்தான் ஐதராபாத்தில் அவற்றை ஓட்ட முடிகிறது.

எந்தத் தமிழில்?

தமிழில் மென்பொருள் ஆவணம் என்றதும் நினைவுக்கு வருவது ‘கணியம்’. 2012 ஜனவரியில் முதல் மின்னிதழ் வந்தது. த.சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய அந்த இதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுவதையே வேலையாக வைத்துக்கொண்டது. து.நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’, ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ போன்ற நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மென்பொருளுக்கு உள்ள சுதந்திரம் அதன் கையேட்டுக்கும் வேண்டும் என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பல காலமாகச் சொல்லிவந்ததைச் சத்தமில்லாமல் தமிழில் செய்துகாட்டியவர்கள் இவர்கள்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ இன்னும் ஒருபடி மேலே போனது. நிரல்மொழியே தமிழில். திரையில் ஒன்றை அச்சிட ‘பதிப்பி’ என்று எழுதினால் போதும். அந்த மொழியோடு, என். சொக்கனும் சேர்ந்து எழுதிய ‘தமிழில் நிரல் எழுது’ என்ற கையேடும் வந்தது. சிறு திட்டம்தான். ஆனால் மொழியையும் அதற்கான முதல் பாடத்தையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் பலவற்றுக்கு இந்தப் புத்தி தோன்றுவதில்லை.

தமிழில் எழுதுவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பாடத்தில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும். மாணவியின் திரையில் ஆங்கிலத்தில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு யார் சொல்வது? மாறாக, இடைமுகத்தைத் தமிழுக்கு மாற்றிவைத்தால், வருகிற பிழைச் செய்தியை இணையத்தில் தேடும்போது பதிலே கிடைக்காது. பதில்களெல்லாம் ஆங்கிலச் செய்திக்குக் கீழேதான் குவிந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, கோப்புகளை வைக்கும் இடத்துக்கு ஒரு மென்பொருளில் ‘அடைவு’, அடுத்ததில் ‘கோப்புறை’. இரண்டும் நல்ல சொற்களே. ஒரே மாணவி ஒரே நாளில் இரண்டையும் சந்திப்பதுதான் பிரச்சினை.

இந்த முடிச்சை மும்பை ஐஐடி தன் வழியில் அவிழ்த்தது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில், ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழ பத்து நிமிடக் காணொளி. திரையில் தெரிவது ஆங்கில இடைமுகம், காதில் விழுவது தமிழ். மாணவர் தன் கணினியில் பார்க்கப்போகும் சொற்களை அப்படியே பார்க்கிறார், அவற்றின் பொருளைத் தன் மொழியில் கேட்கிறார். சொல்லாக்கத்தில் பற்றுள்ளவர்களுக்கு இது சமரசமாகத் தோன்றலாம், வேலைக்காகும் சமரசம். அந்தத் திட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. பாடம் எழுதியதும், அந்த மென்பொருளைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அவர் எங்கே தடுமாறினாலும் பாடத்தைத்தான் திருத்துகிறார்கள். நிபுணர்கள் பத்துப் பேர் சரிபார்த்தும் கண்டுபிடிக்க முடியாத ஓட்டையை, ஒன்றும் தெரியாத ஒருவர் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மேலே சொன்ன ‘வழக்கம்போல்’ என்ற சொல் அந்தச் சோதனையில் ஒரு நாளும் தப்பியிருக்காது.

தமிழக அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019 முதல் பைத்தானைத் தமிழ்வழியிலும் கற்பிக்கிறது. எந்தத் தன்னார்வக் குழுவாலும் எட்ட முடியாத எண்ணிக்கையில் அது மாணவர்களைச் சென்றடைகிறது. ஆனால் ஒருமுறை எழுதிவைத்த எதற்கும், அச்சானாலும் இணையமானாலும், மணல் நகரும் பழவேற்காட்டு முகத்துவாரத்தின் கதிதான். பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று நிறுத்தப்பட்டது. அதில் ‘பிரின்ட்’ என்ற கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. மூன்றாம் பதிப்பில் கட்டாயம். இணையத்தில் கிடக்கும் பழைய பாடத்தைப் பார்த்து எழுதும் மாணவிக்கு முதல் வரியிலேயே பிழை. அவள் செய்த தவறு, தேடலில் மேலே வந்த பக்கத்தை நம்பியது மட்டுமே.

மணல் நகர்ந்துவிட்டதா என்று தினமும் கோல் போட்டுப் பார்க்கிற ஏற்பாடும் சிலரிடம் இருக்கிறது. பைத்தானில் ‘டாக்டெஸ்ட்’ என்ற கருவி 2001 முதல் உண்டு: ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை அது நிரலாகவே ஓட்டிப் பார்த்து, சொன்ன விடை வராவிட்டால் கூச்சல் போடும். ரஸ்ட் மொழியிலும் இதே வசதி இருக்கிறது. வலைத்தளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ திட்டத்தில், புதிய வசதிக்கான நிரலை அனுப்புகிறவர் ஆவணத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்பது விதி. வேலை செய்தவரே பாத்திரத்தையும் கழுவிவைக்க வேண்டும் என்று சொல்லும் வீடு அது. ஜாங்கோவின் ஆவணம் இத்தனை பேரால் பாராட்டப்படுவதற்கு வேறு ரகசியம் தேட வேண்டியதில்லை.

புதியவர் கண்ணுக்குத்தான் ஓட்டை தெரிகிறது, அதனால் புதியவரே எழுத வேண்டும் என்று சொன்னால், உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். வரவேண்டியதும்தான். 2020 அக்டோபரில் என்ன நடந்தது? ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற நிகழ்வில், திறந்த மூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் இலவசம். இந்தியாவில் ஒரு யூடியூப் காணொளி, ரீட்மீயில் ஓரிரு சொல்லை மாற்றி அனுப்பிக் காட்டியது. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான குப்பைத் திருத்தங்கள் உலகெங்கும் உள்ள திட்டங்களில் வந்து விழுந்தன. நடத்தியவர்கள் பாதியில் விதியையே மாற்றினார்கள்: விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பும் திருத்தங்கள் மட்டுமே கணக்கில் சேரும். 2024இல் எக்ஸ்பிரஸ் என்ற திட்டத்தின் ரீட்மீயில் தங்கள் பெயரை எழுதி அனுப்பிய மாணவர்களின் படையெடுப்பும் இதே ரகம்; அங்கேயும் தூண்டுதல் ஒரு பாடக் காணொளி.

இதைவைத்து இந்திய மாணவர்களைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். மாணவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: காட்டியதை அப்படியே செய்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்த பாடம், அந்தப் பொத்தானின் மறுமுனையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. முன்பு பார்த்த நால்வகை ஆவணத்தில் ‘விளக்கம்’ என்ற வகையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

பழவேற்காட்டிலேயே, ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு புதியவர் ஆவணம் எழுதினார். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே 1632 முதல் 1642 வரை பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோகேரியஸ். உள்ளூர்ச் சமயமும் வழக்கமும் அவருக்குப் புரியவில்லை. பத்மநாபன் என்ற பிராமணரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். இருவருக்கும் பொதுமொழி போர்த்துக்கீசியம். அதுவும் பத்மநாபனுக்கு அரைகுறை. 1651இல் லைடனில் வெளியான அந்த நூலின் தலைப்பே ‘திறந்த கதவு’ என்றுதான் தொடங்குகிறது. பர்த்ருஹரியின் சமஸ்கிருதக் கவிதைகளை ஐரோப்பிய மொழியில் முதலில் தந்த நூல் என்று அறிஞர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள்.

தெரியாதவர் கேட்க, தெரிந்தவர் பொறுமையாகச் சொல்ல, கேட்டவரே எழுதினார். நல்ல முறை. ஆனால் அந்தக் கதவு ஐரோப்பியர்கள் பக்கம் மட்டும்தான் திறந்தது. பத்மநாபனின் ஊர்க்காரர்கள் யாரும் அதைப் படித்திருக்க வழியில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பழவேற்காட்டைப் பற்றி எழுதிக் குவித்த பக்கங்களும் அவற்றில் உண்டு. பழைய டச்சு தெரியாத பழவேற்காட்டுக்காரருக்கு அவை இன்னும் பூட்டியே கிடக்கின்றன. நம் மாணவியின் மடிக்கணினியில் இருக்கும் திறந்த மூலமும் அவளுக்கு இப்போதைக்கு ஏறத்தாழ அதே நிலையில்தான்.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் வேலைகள் இல்லை. லினக்ஸ் கட்டளைகளுக்கான நீண்ட கையேடுகளைச் சுருக்கித் தரும் ‘டிஎல்டிஆர்’ என்ற திட்டம் 2013 முதல் நடக்கிறது. ஒரு பக்கத்துக்கு எட்டு எடுத்துக்காட்டுகளுக்கு மேல் கூடாது என்பது அதன் கட்டுப்பாடு. தமிழுக்கும் அதில் தனி அடைவு இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு. ஒரு கட்டளையை நேற்றுதான் கற்றுக்கொண்டவர் இன்று அதற்கு ஒரு தமிழ்ப் பக்கம் எழுதிவிடலாம். எங்கே இடறினோம் என்பது அடுத்த மாதம் அவருக்கும் மறந்துபோயிருக்கும். அதனால் இன்றே எழுதுவது நல்லது.

தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் துணைக்கு ஆள் இருக்கிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இலவசமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. கணியம் தமிழ்க் கட்டுரைகளை வரவேற்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இணையவழியில் தமிழில் கூடிப் பேசுகிறது. கட்டணம் இல்லை, யாரும் உள்ளே வரலாம். திருப்பாலைவனத்திலோ கோட்டைக்குப்பத்திலோ மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் மைக்கைத் திறந்து, எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.